ஏரேட்டர் வேலை செய்யுதா, நம்ம நாக்கு ஏமாறுதா?

மாடிவாசி
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் என் முதல் இழை.

பிறந்தநாளுக்கு நண்பர்கள் சேர்ந்து ஒயினுக்குக் காத்துக் காட்டற ஏரேட்டர் ஒண்ணு வாங்கிக் கொடுத்தாங்க. பாட்டில் வாயில செருகுற வகை. ஊத்தும்போது களகளன்னு சத்தம் போட்டுக் காத்தை உள்ள இழுக்குது. அன்னைக்கு ராத்திரியே வாக்குவாதம் ஆரம்பிச்சிடுச்சு. ஒருத்தன் "இதுல ஊத்தினா ஒரு மணி நேரம் டிகேண்டர்ல (ஒயினை ஊத்தி வைக்கற கண்ணாடிப் பாத்திரம்) வச்சதுக்குச் சமம்"ங்கறான். இன்னொருத்தி "கார்க்கை எடுத்துட்டு பாட்டிலை அப்படியே வச்சாலே போதும், இதெல்லாம் பொம்மை"ங்கறா. எனக்கு வித்தியாசம் தெரிஞ்ச மாதிரியும் இருக்கு, தெரியாத மாதிரியும் இருக்கு.

ஏரேட்டர் நிஜமாவே ஏதாவது செய்யுதா? டிகேண்டர் வாங்கணுமா? அப்புறம், இருபது வருஷப் பழைய போர்தோ (பிரெஞ்சு சிவப்பு ஒயின்) ஒண்ணு பரிசா வந்திருக்கு, திறக்கவே பயமா இருக்கு. அடுத்த மாசம் நண்பர்களை வச்சு ஒரு டேஸ்டிங் நடத்தலாம்னும் யோசனை. எதை வாங்கலாம், எதுக்குக் காசைக் கரியாக்க வேண்டாம்னு அனுபவஸ்தர்கள் சொல்லுங்க.

வண்டல்
வாங்க தம்பி. எளிதான கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கார்க்கை எடுத்துவிட்டு பாட்டிலைச் சும்மா வைப்பதால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. பாட்டில் கழுத்தின் உள்விட்டம் 2 செ.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. காற்றைத் தொடும் பரப்பு 3 சதுர செ.மீ. கூடத் தேறாது. உள்ளே இருப்பதோ 750 மி.லி. அதே ஒயினை 20 செ.மீ. அகல அடிப்பாகம் உள்ள டிகேண்டரில் ஊற்றினால் பரப்பு 300 சதுர செ.மீ.யைத் தாண்டிவிடும். ஏறக்குறைய நூறு மடங்கு. ஊற்றும்போது கலக்கும் காற்று தனிக்கணக்கு. ஏரேட்டரைப் பொம்மை என்று உங்கள் தோழி சொன்னது சரியோ தவறோ, அவர் சொன்ன மாற்றுவழி அதைவிடப் பெரிய பொம்மை.

டிகேண்டருக்கு இரண்டு வேலைகள். பழைய ஒயினின் அடியில் படிந்த வண்டலைப் பிரிப்பது ஒன்று. இளம் ஒயினுக்குக் காற்றுக் காட்டுவது இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. முதலாவதில் காற்று அதிகம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒல்லியான பாத்திரம் போதும். இரண்டாவதற்கு அடி அகன்றது வேண்டும், அதற்கு வீட்டில் இருக்கும் கண்ணாடி ஜாடியே தாராளம். அன்னக்கழுத்து டிகேண்டரெல்லாம் மேஜைக்கு அழகு, கழுவுகிறவருக்குத் தண்டனை.

போர்தோ பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கந்தகப்பூ
காற்று என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

வேகமாக நடப்பது ஆவியாதல். நொதித்தலின்போது ஈஸ்ட் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, மூடிய பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்டு சில ஒயின்களில் அழுகிய முட்டை வாடையாக வரும். அது எளிதில் ஆவியாகும் வாயு, கொஞ்சம் கலக்கினாலே பெரும்பாலும் பறந்துவிடும். மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்ம வகையறாக்கள் (வெங்காயம், ரப்பர், வெந்த முட்டைக்கோஸ் வாடை) அத்தனை சுலபமாகப் போகாது. திருகு மூடி போட்ட பாட்டிலில் காற்று மிகக் குறைவாகவே நுழையும் என்பதால் இந்தத் தொந்தரவு அங்கே கொஞ்சம் கூடுதலாகத் தென்படலாம். சிரா திராட்சை ஒயினில் இதை அடிக்கடி சந்திக்கலாம்.

மெதுவாக நடப்பது ஆக்ஸிஜன் வேதிவினை. இதற்கு மணிக்கணக்கில், நாள்கணக்கில் நேரம் வேண்டும். ஏரேட்டர் விளம்பரங்களில் "டானினை (ஒயினின் துவர்ப்புப் பொருள்) மென்மையாக்கும்" என்று போடுவதை நான் நம்புவதில்லை. டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துத் துவர்ப்பு அடங்குவதெல்லாம் மாதங்களும் வருடங்களும் எடுக்கிற வேலை. ஒரு விநாடியில் குழாய் வழியாக ஓடும் ஒயினுக்கு அது நடக்க வழியே இல்லை.

கெட்ட வாடை உள்ள ஒயினுக்கு ஏரேட்டர் உதவும். சுத்தமாக இருக்கும் ஒயினில் அதன் விளைவு மிகச் சிறியது. என் கணக்கு இவ்வளவுதான்.

ஊத்து ராசா
கந்தகப்பூ அண்ணே, வேதியியல்ல நீங்க பெரிய ஆளுதான், ஒத்துக்கறேன். ஆனா என் நாக்கு பொய் சொல்லுதா? இளம் பரோலோ (இத்தாலி சிவப்பு ஒயின்) ஒண்ணு திறந்தோம். முதல் கிளாஸ்ல பல்லெல்லாம் வரண்டு போச்சு, ஈறு இழுத்துக்கிச்சு. டிகேண்டர்ல ஊத்தி ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடிச்சா வேற ஒயின் மாதிரி இருந்துச்சு. மேஜையில இருந்த அத்தனை பேரும் அதையேதான் சொன்னாங்க.

இன்னொண்ணு, முன்னாள் மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பத் தலைவர் நேதன் மிர்வோல்ட் ஒயினை மிக்ஸியில போட்டே அடிக்கச் சொல்றார். முப்பது விநாடியிலிருந்து ஒரு நிமிஷம். அந்த மனுஷன் சமையலறையையே ஆய்வுக்கூடமா மாத்தினவர், சும்மா சொல்வாரா?

கந்தகப்பூ
பொய் சொல்லவில்லை ராசா. மாற்றம் உண்மை, காரணம்தான் கேள்வி. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒயின் எத்தனை டிகிரிக்கு வந்தது?

ஊத்து ராசா
அதை யாரு பாத்தா 😄

கந்தகப்பூ
அங்கேதான் விஷயம். குளிர்ந்த சிவப்பு ஒயினில் துவர்ப்பும் கசப்பும் தூக்கலாகத் தெரியும், மணம் எழும்பாது. 13 டிகிரி செல்சியஸில் திறந்த பாட்டில் 18-க்கு வந்தாலே வேறு ஒயின் போல இருக்கும், காற்றே படாவிட்டாலும். அது போக, முதல் கிளாஸ் வெறும் வாயில் போனது. இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் சாப்பிட்டிருப்பீர்கள். உணவில் உள்ள புரதமும் கொழுப்பும் டானினைச் சமாளித்துவிடும். இது தவிர முதல் கிளாஸின் சந்தோஷம் வேறு. இத்தனையும் சேர்ந்து மாறியிருக்கும்போது பாராட்டு முழுவதையும் டிகேண்டருக்கே கொடுப்பது நியாயமா?

மிக்ஸி பற்றி: யாருக்காவது பிடித்திருந்தால் அடிக்கட்டும். இளம், முரட்டு சிவப்பு ஒயினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. நுரை அடங்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பழைய ஒயினை மட்டும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாம் கிளாஸ்
வாதம் எதற்கு, சோதித்துப் பார்த்துவிடலாமே. மாடிவாசி டேஸ்டிங் நடத்தப் போவதால் சொல்கிறேன். முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு, உணவு ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் செய்வது. ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. இங்கே இரண்டு நேராக ஊற்றியது, ஒன்று ஏரேட்டர் வழியாக என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தலைகீழாக. எது தனித்து நிற்கிறது என்று கண்டுபிடித்தால் போதும். எது நன்றாக இருக்கிறது என்று கேட்கவே கேட்காதீர்கள், கேட்டால் ஆளாளுக்குக் கதை கட்டுவார்கள்.

குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவருக்குச் சரியாகிவிடும். அதனால் ஆறு பேர் செய்தால் குறைந்தது ஐந்து பேராவது சரியாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேர் என்றால் எட்டு. அதற்குக் கீழே இருந்தால் அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொள்ளணும்.

கவனிக்க வேண்டியவை: மூன்றும் ஒரே பாட்டிலிலிருந்து, ஒரே மாதிரி கிளாஸில், ஒரே அளவில். ஊற்றுகிறவர் வேறு அறையில் இருக்கட்டும், கொண்டுவந்து வைக்கிறவருக்கு எது எது என்று தெரியவே கூடாது. முக்கியமான ஒன்று: ஏரேட்டரில் ஊற்றிய கிளாஸின் ஓரத்தில் பொடிப்பொடிக் குமிழிகள் கோத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தே ஆட்கள் விடையைச் சொல்லிவிடுவார்கள். குமிழி அடங்கும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் விளக்கைக் குறைத்துவிடுங்கள்.

பின்னிரவு
நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பரீட்சை வைக்கிறதா? என் வீட்டுக்கு இப்படி யாராவது மூணு கிளாஸோட வந்தா வாசலிலேயே நிறுத்திடுவேன். ஒயின் குடிக்கிறது பேசிச் சிரிக்கிறதுக்கு. ஏரேட்டர் களகளன்னு சத்தம் போடுறதே ஒரு சந்தோஷம்னா அது போதாதா? டிகேண்டர்ல ஊத்தி மேஜை நடுவுல வச்சா விளக்கு வெளிச்சத்துல அந்தச் சிவப்பு தெரியுதே, அதுக்கு ஈடு உண்டா? அதைப் பாத்தபடி குடிச்சா நல்லா இருக்குன்னா, நல்லாத்தான் இருக்கு.

மூன்றாம் கிளாஸ்
பின்னிரவு அக்கா, சத்தத்துக்காக வாங்கினால் எனக்கு ஆட்சேபமே இல்லை. "ஒரு மணி நேர டிகேண்டருக்குச் சமம்" என்று அட்டையில் அச்சடித்து விற்கும்போதுதான் கேள்வி கேட்கத் தோன்றுகிறது. மற்றபடி கண் நாக்கை ஏமாற்றும் என்று நீங்கள் சொன்னதற்கு ஆய்வே இருக்கிறது. 2001-இல் வெளியானது. போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதன் வாசனையைச் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் சொற்களாலேயே வர்ணித்தார்கள். படித்தவர்களுக்கே அந்தக் கதி.

வண்டல்
இப்போது அந்தப் பழைய போர்தோ. இதில் அவசரம் கூடாது.

படுக்கவைத்திருக்கும் பாட்டிலை இரண்டு நாள் முன்னாலேயே நிமிர்த்தி வைத்துவிடுங்கள். வண்டல் முழுவதும் அடிக்கு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். பழைய கார்க் பொடிந்து போயிருக்கும், சாதாரணத் திருகி நடுவில் துளை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும். இரண்டு மெல்லிய தகடு உள்ள இழுப்பான் கிடைக்கும். தகடுகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஆட்டி ஆட்டி இறக்கி, சுற்றியபடியே இழுக்க வேண்டும். கார்க்கைக் குத்தாமலே வெளியே கொண்டுவந்துவிடும். கைவசம் அது இல்லையென்றால் நீளத் திருகியை மெதுவாகப் போடுங்கள். கொஞ்சம் கார்க் தூள் உள்ளே விழுந்தால் பயப்பட ஒன்றுமில்லை, மெல்லிய வடிகட்டி போதும்.

கழுத்தைச் சுற்றியுள்ள உறையை முழுவதும் கழற்றிவிடுங்கள், கண்ணாடி தெரிய வேண்டும். கழுத்துக்குக் கீழே ஒரு டார்ச்சை மேல்நோக்கி வைத்து, நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்றுங்கள். நடுவில் பாட்டிலை நிமிர்த்தினால் வண்டல் கலங்கிவிடும். கடைசியில் பாட்டிலின் தோள் வளைவில் புகை போல ஒரு கருங்கோடு எட்டிப் பார்க்கும். அது கழுத்துக்கு வரும் முன் நிறுத்திவிடுங்கள். அடியில் தங்கும் சிறிதளவு போனால் போகட்டும்.

எப்போது ஊற்றுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. போர்தோ பேராசிரியர் எமீல் பெய்னோ, நவீன ஒயின் தயாரிப்பையே மாற்றியமைத்தவர், வண்டல் இருந்தால் மட்டும் டிகேண்டரில் ஊற்ற வேண்டும், அதுவும் பரிமாறும் நேரத்துக்கு நெருக்கமாக என்பார். நீண்ட நேரக் காற்று மணத்தை மங்கச் செய்யும் என்பது அவர் கட்சி. இளம் ஒயின் விஷயத்தில் அவரோடு நான் முழுவதும் ஒத்துப்போக மாட்டேன். இருபது வயது ஒயினுக்கு அவர் சொல் வேதம். ஊற்றியவுடன் குடியுங்கள். மாற்றம் வேண்டுமென்றால் கிளாஸில் வரட்டும், பக்கத்தில் இருந்து பார்க்கலாம். ஏரேட்டரை அந்த அறையிலேயே வைக்காதீர்கள்.

ஊத்து ராசா
மேற்கோள் (வண்டல்): "ஏரேட்டரை அந்த அறையிலேயே வைக்காதீர்கள்"

😂😂 சரி ஐயா, நான் வெளியே போயிடறேன்.

காம்பு
யாரும் கிளாஸ் பற்றிப் பேசவில்லையே. காசு செலவழிக்க ஒரே இடம்தான் இருக்கிறது என்றால் அது இதுதான்.

ஒவ்வொரு திராட்சைக்கும் ஒரு கிளாஸ் என்று அலமாரியை நிரப்பத் தேவையில்லை. அடி அகன்று, வாய் குறுகி, மெல்லிய விளிம்போடு இருக்கும் ஒரே வகையில் எல்லாவற்றையும் குடிக்கலாம். ஒயினை நாக்கின் இந்த இடத்தில் விழ வைக்கிறோம், அங்கேதான் இனிப்பு தெரியும் என்றெல்லாம் சொல்லி விற்பார்கள். நாக்கு வரைபடம் என்பது 1901-இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்த கட்டுக்கதை. நாக்கின் எல்லாப் பகுதியிலும் எல்லாச் சுவையும் தெரியும்.

டேஸ்டிங்குக்கு என்றால் ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) கிளாஸ் இருக்கிறது. 1977-இல் தரப்படுத்தியது, மொத்தக் கொள்ளளவு சுமார் 215 மி.லி., அதில் ஊற்றுவது 50 மி.லி. மட்டும். மீதி இடம் மணத்துக்கு. சாப்பாட்டு மேஜைக்கு அது சின்னது, வரிசையாக ஆறு ஒயின் பார்க்கத் தோதானது. ஒரு பாட்டிலில் 15 பேருக்கு ஊற்றலாம் என்ற கணக்கும் கையில் நிற்கும்.

ஊற்றும் முன் காலி கிளாஸை மோந்து பாருங்கள். அலமாரி வாடை, பழைய துணி வாடை, சோப்பு வாடை ஏதாவது ஒன்று இருக்கும். நிறைய பேர் ஒயினைக் குறை சொல்வது உண்மையில் துடைத்த துணியைத்தான். கவிழ்த்து வைத்தால் உள்ளே அலமாரிக் காற்று அடைபட்டுக்கொள்ளும், நிமிர்த்தியே வையுங்கள். கொஞ்சம் ஒயினை ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டிவிட்டால் எல்லாம் சரி.

பின்னிரவு
இதுதான் எனக்குப் பிடிச்ச மாதிரியான தகவல். பரீட்சை வேண்டாம்னேனே தவிர, டேஸ்டிங் வேண்டாம்னு சொல்லலை. நாங்க நடத்துற விதம் இது.

ஒரே கருப்பொருள் வச்சுக்கறோம். ஒரே திராட்சை நாலு நாட்டிலேர்ந்து, அல்லது ஒரே தோட்டம் மூணு வருஷம். கண்டபடி கொண்டுவந்தா ஒண்ணும் மனசுல நிக்காது. பாட்டிலுக்குச் சாக்ஸ் மாட்டிடுவோம் (துவைச்சது!), கழுத்து உறையையும் உரிச்சிடுவோம், அதுலயே பேரு தெரிஞ்சிடும். எல்லாரும் ரெண்டு வரி எழுதற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஏன்னா முதல்ல பேசறவர் "செர்ரி"ன்னுட்டா அப்புறம் எல்லாருக்கும் செர்ரிதான். செண்ட் போட்டுட்டு வரக் கூடாது. துப்பறதுக்கு ஆளுக்கொரு மூடாத டம்ளர், கூச்சப்படாம துப்பலாம். வண்டி ஓட்டறவங்க கட்டாயம் துப்பணும்.

கந்தகப்பூ
அக்கா சொன்ன "வாயைத் திறக்கக் கூடாது" விதிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மூக்கு இல்லை. சிரா ஒயினில் வரும் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் அடையாளம் கண்டு வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்ததில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரியவே இல்லை. உங்கள் மேஜையில் ஒருவர் "மிளகா? எங்கே?" என்றால் அவரைக் கிண்டல் செய்யாதீர்கள்.

மற்றொன்று, நனைந்த அட்டை, ஈரச் சுவர் வாடை வந்தால் அது டிசிஏ என்ற சேர்மம். கார்க்கிலிருந்து வருவது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். இதற்குக் காற்று மருந்தல்ல, வைக்க வைக்கக் கூடுதலாகத்தான் தெரியும். மாற்று பாட்டில் ஒன்று எப்போதும் கைவசம் வையுங்கள்.

மூன்றாம் கிளாஸ்
பேரை மறைத்துக் குடிப்பதால் என்ன ஆகும் என்பதற்கு 1976 மே 24 பாரிஸ் போதும். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி பிரெஞ்சு நடுவர்களை உட்காரவைத்து லேபிளை மறைத்தார். வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்குப் போனது. அன்றைக்கு லேபிள் தெரிந்திருந்தால் அது நடந்திருக்குமா?

மாடிவாசி
இவ்வளவு பதில் வரும்னு நினைக்கலை, எல்லாருக்கும் நன்றி. இடையில ஒரு சின்னக் கேள்வி: டேஸ்டிங் முடிஞ்சு ஏகப்பட்ட பாட்டில் அரைகுறையா நிக்கும். காத்தை உறிஞ்சற பம்ப் வாங்கலாமா?

காம்பு
அதைவிட 375 மி.லி. அரை பாட்டில்கள் சிலவற்றைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை விளிம்புவரை ஊற்றி இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில், சிவப்பானாலும் ஃப்ரிட்ஜில். பம்ப் எல்லாக் காற்றையும் எடுத்துவிடாது, இழுக்கும்போது கொஞ்சம் மணத்தையும் கூட்டிக்கொண்டு போகும். விலையுயர்ந்த பாட்டிலிலிருந்து ஒரே ஒரு கிளாஸ் எடுக்க வேண்டுமென்றால் கோரவின் இருக்கிறது. 2013-இல் வந்தது. கார்க்கை எடுக்காமலே ஊசியைச் செருகி, ஒயினுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை உள்ளே விடும். கார்க் தானே மூடிக்கொள்ளும். எப்போதாவது குடிப்பவர்களுக்கு அது ஆடம்பரம்.

ஷாம்பெயின் பாட்டில் வாயில் ஸ்பூனைத் தொங்கவிட்டால் குமிழி நிற்கும் என்பதையும் நம்பாதீர்கள். கவ்விப் பிடிக்கும் மூடி மட்டுமே உதவும்.

மாடிவாசி
டேஸ்டிங் முடிஞ்சுது. அறிக்கை இதோ.

முக்கோணச் சோதனையை ரெண்டு ஒயினுக்குப் பண்ணினோம். முதல்ல சுத்தமான ஒரு கபர்னே சோவின்யோன் சிவப்பு ஒயின். ஏரேட்டர் கட்சிக்காரன் உள்பட பாதிப் பேருக்கு மேல தப்பாச் சொன்னாங்க. அவன் முகத்தைப் பாக்கணுமே! அடுத்தது திருகு மூடி போட்ட சிரா. திறந்ததுமே முட்டை வாடை. இதுல ஒருத்தர் விடாம எல்லாரும் சரியாக் கண்டுபிடிச்சாங்க. ஏரேட்டர் கிளாஸ்ல வாடை பாதியாக் குறைஞ்சிருந்துச்சு. கந்தகப்பூ சார் சொன்னது அப்படியே நடந்துச்சு. ஆனா கால் மணி நேரம் கழிச்சுப் பாத்தா, கையில சுத்திக்கிட்டே இருந்தவங்க கிளாஸ்லயும் வாடை போயிருந்துச்சு.

அதே கபர்னேயை 12 டிகிரியிலயும் 18 டிகிரியிலயும் குடுத்தப்ப, ஒருத்தர்கூட அது ஒரே ஒயின்னு நம்பலை.

போர்தோவை டார்ச் வச்சு ஊத்தினேன். வண்டல் ஐயா சொன்ன புகைக்கோடு அப்படியே வந்துச்சு. முதல் பத்து நிமிஷம் பழைய புத்தகம், ஈர மண். அப்புறம் காஞ்ச ரோஜா மாதிரி ஒரு மணம் எழும்பி, அரை மணி நேரத்துல அடங்க ஆரம்பிச்சுது. ரெண்டு மணி நேரம் டிகேண்டர்ல வச்சிருந்தா அந்த ரோஜாவையே பாத்திருக்க மாட்டோம்.

பின்னிரவு அக்கா, பரீட்சை முடிஞ்சதும் சாக்ஸைக் கழட்டிட்டு நல்லாப் பேசிச் சிரிச்சோம், கவலைப்படாதீங்க.

கடைசியா ஒண்ணு. அன்னக்கழுத்து டிகேண்டரை யாரோ அன்பளிப்பாக் கொண்டுவந்துட்டாங்க. அடியில சிவப்புக் கறை போக மாட்டேங்குது, உள்ள ஈரமும் காயலை.

வண்டல்
எச்சரித்தேனே! சோப்பு போடாதீர்கள், அந்தக் கழுத்திலிருந்து வாடை வெளியே வரவே வராது. வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் வினிகரும் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். பிடிவாதக் கறைக்குப் பல்செட் கழுவும் மாத்திரை ஒன்றைப் போடலாம். அப்புறம் நன்றாக அலசிவிட்டுத் தலைகீழாகத் தாங்கியில் நிறுத்துங்கள், வாய் தரையைத் தொடாமல். அவசரத்துக்கு ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துக் காட்டலாம். சூடு வேண்டாம், கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

ஊத்து ராசா
கபர்னேக்கு 12, 18 டிகிரி பாத்தீங்களே, அந்தத் தெர்மாமீட்டர் எந்த மாதிரி? பாட்டில்ல கட்டறதா, உள்ள விடறதா? நானும் ஒண்ணு வாங்கப் போறேன்.

மாடிவாசி
உள்ள விடறதுதான் அண்ணே. வெளியில கட்டறது கண்ணாடியோட சூட்டைத்தான் காட்டும்.